ஐந்து கட்டையில் ஆடும் ஆட்டம்

நாடகத்துக்குப் பாட்டு எதற்கு, வசனம் போதாதா என்று கேட்பவரைப் பெரியதாழைக் கரையில் நிறுத்தி, மைக் இல்லாமல் நாலு வரி பேசச் சொல்ல வேண்டும். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடி மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. இருபதடி தள்ளி நிற்பவருக்கு வாய் அசைவது தெரியும், சேதி வந்து சேராது. அலை உடைகிற இரைச்சல் முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளைத்தான். ‘வா’ என்றாரா, ‘தா’ என்றாரா, சும்மா காக்கை விரட்டினாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே ஆள் அதே சொல்லை எடுத்து நாலு கட்டையில் நீட்டிப் பாடட்டும். தூண்டில் வளைவுக் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். மரம் தள்ளும்போது அம்பா பாடிப் பழகிய கரைக்கு இதை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

கபடியும் கால்பந்தும் அலசுகிற பத்தியில் நாடகம் எங்கே வந்தது என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் என்று வழங்குகிற இசை நாடகத்தை ஒருமுறை விடிய விடியப் பார்த்தவர், அதைப் போட்டி ஆட்டம் என்றுதான் சொல்வார். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூனும் டான்ஸும் இன்னொரு திசை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தேதி வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, அரிதாரம் பூச உட்கார்ந்த இடத்தில்தான், “இன்னைக்கு நீங்களா வள்ளி?” என்று விசாரித்துக்கொள்வார்கள். பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியும் வரை ஆட்டம். கேப்டன் இல்லை, கோச் இல்லை, படுதாவுக்குப் பின்னால் நின்று வரி எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. ஆனாலும் இரவுக்கு இரவு குலையாமல் நடந்துவிடுகிறது. எப்படி?

பாதி விடை சங்கரதாஸ் சுவாமிகள். நம் மாவட்டத்துக்காரர். 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922-ல் புதுச்சேரியில் மறைந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, ஞானசௌந்தரி என்று அவர் எழுதிக் குவித்தவைதான் இன்றைக்கும் நடிகர்களுக்குச் சோறு போடுகின்றன. அபிமன்யு சுந்தரியை முழுக்க ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பாடம் கேட்ட டி.கே.சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் சொல்கிறார். வெண்பா, விருத்தம், கீர்த்தனை, நடுநடுவே வசனம். எந்த ஊர் வள்ளிக்கும் எந்த ஊர் வேலனுக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். முன்பின் பார்த்திராத இருவர் மேடையில் சந்தித்து விடிய விடியச் சண்டை போட முடிவது அதனால்தான்.

மீதி விடை மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், அப்புறம் ஆல்ரவுண்ட். இந்தக் கடைசி ஆளைப் பற்றிக் கிரிக்கெட் ரசிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஆல்ரவுண்ட் என்றால் தோல் வாத்தியங்களோடு சத்தம் எழுப்பும் சாமான்களையெல்லாம் தன்னைச் சுற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு வாசிப்பவர். பபூன் தடுக்கி விழுந்தால் ஒரு ‘தடார்’, டான்ஸ்காரி இடுப்பை வெட்டினால் ஒரு ‘டக்’, கத்தி உருவினால் ஒரு ‘சிலீர்’. நடிகருக்கு அரை நொடி முந்தினால் சிரிப்பு செத்துப்போகும், அரை நொடி பிந்தினாலும் அதே கதி. கூட்டம் பபூனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். பந்தை எடுத்துக் கொடுத்தவர் ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

அவருக்கும் மேலே ஆர்மோனியக்காரர். வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு 1971 வரை கிட்டச் சேர்க்கவில்லை. அதில் கமகம் வராது, சுருதி நுட்பம் வராது என்று பண்டிதர்கள் காரணம் சொன்னார்கள். வராதுதான், ஒத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பண்டிதர்கள் யாரும் தம்பூராவைத் தூக்கிக்கொண்டு வந்து கடற்கரையில் ஒரு ராத்திரி உட்கார்ந்ததில்லை. உப்பு ஈரத்தில் தந்தி மணிக்கு மணி இறங்கும். ஆர்மோனியத்தின் பித்தளை ரீடு மேடை போட்ட நேரத்தில் எந்தச் சுருதியில் நின்றதோ, விடியற்காலையிலும் அங்கேதான் நிற்கும். தொண்டை கட்டி, தூக்கம் சொக்கி, எதிராளியின் பாட்டில் வழிதவறி நிற்கிற நடிகருக்கு அந்த ஒரு ஸ்வரம்தான் கரை விளக்கு.

கட்டைக் கணக்கு கொஞ்சம் தெரிந்தால் ஆட்டம் புரியும். ஆண்கள் கச்சேரியில் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரை வசதி. இந்த இருவரும் ஒரே பாட்டை மாறி மாறிப் பாட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே தீர வேண்டும். இங்கேதான் ஆர்மோனியக்காரரின் கை வேலை செய்கிறது. ஒரு கட்டைக்காரரின் பஞ்சமமும் ஐந்து கட்டைக்காரியின் சட்ஜமும் பெட்டியில் ஒரே ரீடு. வேலன் தன் பாட்டைப் பஞ்சமத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறான். ஆர்மோனியம் அந்த ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த பழைய சட்ஜத்தை மட்டும் மெல்ல உருவிவிடுகிறது. வள்ளி வாயைத் திறக்கும்போது அதே ஸ்வரம் அவளுடைய சட்ஜமாகிவிட்டது. கேட்பவருக்குச் சுருதி மாறியதே தெரியாது. வள்ளி வந்ததும் மேடை ஏதோ வெளிச்சமாகிவிட்ட மாதிரி தோன்றும். ஆர்மோனியக்காரர் மனம் வைக்காவிட்டால் பெண் ஆணின் கட்டையில் முனகிச் சாக வேண்டும், அல்லது ஆண் பெண்ணின் கட்டையில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். யார் கட்டையில் தர்க்கம் நடக்கிறதோ அவருக்குத்தான் சொந்த மைதானம்.

அந்தத் தர்க்கம்தான் வள்ளி திருமணத்தின் உயிர். தினைப்புனத்தில் காவல் இருக்கிற குறத்தி, மான் தேடி வந்ததாகச் சொல்லும் வேடன். அவன் முருகன் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். கல்யாணத்தில்தான் முடியும் என்பதும் தெரியும். இதே கரையில் வடக்கே போனால் திருச்செந்தூர்; இந்தப் பக்கத்தில் முருகன் கதையைப் புதிதாகக் கேட்கிறவர் யார்? கதையில் மர்மம் துளியும் இல்லாத ஒரு நாடகத்தை ஜனங்கள் நூறு வருஷமாக மணலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றால், அவர்கள் கதை பார்க்க வரவில்லை என்று அர்த்தம். இன்றைய இரவு தர்க்கத்தில் யார் கை ஓங்கும் என்று பார்க்க வருகிறார்கள். புராணப்படி மயங்க வேண்டிய வள்ளி, மேடையில் வேலனைப் பாட்டுக்குப் பாட்டு மடக்கி, ஜெயித்த கையோடு மாலைக்குத் தலை நீட்டுவதும் உண்டு. வேலன் முகத்தில் அசடு வழியும், கூட்டம் விசிலடிக்கும், கல்யாணமும் நடக்கும்.

இந்த மோதலில் விருத்தத்துக்கு ஒரு தனி இடம். விருத்தத்துக்குத் தாளம் இல்லை. மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொள்கிறார், ஜால்ரா நின்றுவிடுகிறது, ஆல்ரவுண்ட் துண்டால் முகம் துடைக்கிறார். பாடுகிறவருக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவில் மட்டும் பேச்சு. நடிகர் ஒரு பிடி பிடித்தால் ஆர்மோனியம் அதன் பின்னாலேயே நிழலாக வர வேண்டும், முந்தக்கூடாது. சொல்லை எங்கே உடைப்பது, எந்த எழுத்தில் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் பாடுபவர் இஷ்டம். நல்ல ராஜபார்ட் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு மேல் ஸ்தாயியில் சுற்றிக்கொண்டே இருப்பார். டீக்கடைக்குப் போனவன் தம்ளரோடு திரும்பி வந்து நிற்பான். கடைசிச் சொல் விழுந்து, கீர்த்தனை பிடித்து, மிருதங்கத்தில் முதல் அடி விழும்போது வருகிற கைதட்டல் இருக்கிறதே, அது தாளத்துக்காக இவ்வளவு நேரம் காத்துக்கிடந்தவர்களின் கைதட்டல். வசனத்தில் இதைச் செய்ய முடியாது. பேச்சில் அவ்வளவு நேரம் நிறுத்தினால் பாடம் மறந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

இதன் உச்சத்தைப் பார்த்தவர்கள் 1920-களில் இருந்தவர்கள். செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் கொழும்பில் ஜோடி சேர்ந்தபோது, வேலனும் வள்ளியும் என்ற பேரில் இரண்டு பெருங்குரல்கள் மோதின. ஆண்குரல் எட்டாது என்று விட்டுவைத்திருந்த உயரத்துக்குக் கிட்டப்பா ஏறினார். சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே குடியிருந்தார். ஆர்மோனியத்தில் கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர். மைக் என்ற சாமானே மேடைக்கு வராத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்ட குரல்கள் அவை. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கட்டையைப் பிடிக்கப் போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் அவருக்குப் பிறகு எத்தனையோ பேர்.

பாட்டின் பலத்தை நடிகர்களைவிடப் போலீஸ்காரர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1876-லேயே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது வெள்ளைக்கார சர்க்கார். வள்ளி திருமணத்தின் பாடத்தில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? சாமி கதை. ஆனால் தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடத்தில் விஸ்வநாததாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு எடுத்துவிடுவார். கொக்கு எது, அது எந்தச் சீமைக்குப் பறக்க வேண்டும் என்று கூட்டத்துக்கு யாரும் விளக்கவில்லை. மேடையிலேயே கைது, சிறை, திரும்பி வந்து மறுபடி அதே மேடை, அதே பாட்டு. இந்த மாதிரி தேசியப் பாட்டுகளை எழுதிக் கொடுத்த மதுரகவி பாஸ்கரதாஸும் நம் மாவட்டத்தில் விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்துக்காரர். சொற்பொழிவு ஆற்றியவர்களையும் பிடித்து உள்ளே வைத்தார்கள், உண்மைதான். ஆனால் சொற்பொழிவு ஒரு கூட்டத்தோடு முடிந்தது. பாட்டு மறுநாள் காலையில் கிணற்றடியில் இருந்தது. விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிரை விட்டார்.

இனி ஞானசௌந்தரிக்கு வருகிறேன். இந்தக் கரையைப் பொறுத்தவரை பாட்டின் முழுப் பலமும் தெரிவது அதில்தான் என்பது என் கட்சி. முத்துக்குளித்துறையின் காதுக்கு நாடகம் வருவதற்கு முன்பே ஒரு பயிற்சி இருந்தது. இலங்கையில் பணிபுரிந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சாமியார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம், பெரிய வெள்ளிக்குப் பாடுகிற ஒப்பாரி, பாஸ்கு. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரில் வாசாப்பு, யாழ்ப்பாணக் கரைகளில் அண்ணாவியார் பழக்கிவிட்ட நாட்டுக்கூத்து. வேதனையைப் பாட்டாகக் கேட்டே வளர்ந்த ஜனங்கள் இவர்கள்.

கதை எல்லோருக்கும் தெரியும். சிற்றன்னை லேனாளின் சூழ்ச்சியால் காட்டில் இளவரசியின் இரண்டு கைகளும் வெட்டப்படுகின்றன. பிலேந்திரன் அவளைக் கண்டெடுத்து மணக்கிறான். மறுபடியும் சூழ்ச்சி, மறுபடியும் காடு. கடைசியில் மாதாவை நோக்கி வேண்டுகிறாள், கைகள் திரும்புகின்றன. ஐரோப்பாவில் பல நூற்றாண்டாகச் சுற்றிய கதை இது. கையிழந்த பெண் கதை என்று கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் இருக்கிறது. அதைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் அலச வேண்டிய விஷயம்.

நம் மேடை நடிப்பில் பாதி கையில்தான் இருக்கிறது. கும்பிட, கெஞ்ச, அழைக்க, தலையில் அடித்துக்கொள்ள, கண்ணைத் துடைக்க, பாடும்போது தொடையில் தாளம் போட என்று எல்லாவற்றுக்கும் கை வேண்டும். ஞானசௌந்தரி வேஷம் கட்டுகிற நடிகை, நாடகத்தின் பெரும்பகுதியில் இது எதையும் செய்ய முடியாது. துணி சுற்றி மறைத்த கைகளோடு நிற்க வேண்டும். கண்ணீர் வழிந்தால் வழிந்தபடி. பிள்ளை அழுதால் அள்ளி எடுக்க முடியாது, தாலாட்டத்தான் முடியும். ஸ்திரீபார்ட்டின் ஆயுதங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு தொண்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது கதை. அவள் போட வேண்டிய தாளத்தையும் மிருதங்கக்காரர்தான் சேர்த்துப் போட்டாக வேண்டும். அதனால் அவள் பாட்டு ஒரு இம்மி பிசகினாலும் மறைக்க இடமில்லை. வள்ளி வேஷக்காரி கண்ணை உருட்டிச் சமாளிப்பாள், கையை வீசி ஒப்பேற்றுவாள். ஞானசௌந்தரிக்கு அந்த வசதி கிடையாது.

ஷேக்ஸ்பியரின் டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ் நாடகத்தில் லவினியா என்றொரு பெண். அவளுக்கும் இரண்டு கைகளையும் வெட்டுகிறார்கள்; நாக்கையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள். கடைசியில் வாயில் ஒரு கோலைக் கவ்வி, மொட்டைக் கைகளால் நகர்த்தி, மணலில் குற்றவாளிகளின் பேரை எழுதிக் காட்டுகிறாள். அந்த நாடகம் அதற்குப் பிறகு பழி, கொலை என்று ரத்தக் களறியாகத்தான் போக முடிகிறது, போகிறது. நம் கதை நாக்கை விட்டுவைத்தது. அதனால் நம் நாயகிக்கு மணலில் எழுத வேண்டிய அவசியம் இல்லை, பழி வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. பாடினால் போதும். கை முளைப்பது அற்புதம் என்று கதை சொல்லும். மேடையில் அதை நம்பவைப்பது பாட்டுதான். பாட்டு சரியாக ஏறி உச்சியில் நின்றால், மறைத்து வைத்திருந்த கையை எடுத்து நீட்டும்போது முன்வரிசைக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பாட்டு தடுக்கினால் அதே கை வெறும் துணிக்குள் இருந்து வெளியே வந்த கைதான், பையன்கள் சிரித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் வேறு எந்தத் தந்திரமும் கிடையாது.

இதற்குச் சினிமாவிலேயே சாட்சி இருக்கிறது. 1948-ல் ஞானசௌந்தரி இரண்டு படங்களாக வந்தது. ஒன்று எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி, மற்றொன்று சிட்டாடல். பணமும் பலமும் ஜெமினி பக்கம். ஜெயித்தது சிட்டாடல். மாதாவை நோக்கிப் பாடுகிற அந்த ஒரு பாட்டு, எஸ்.வி.வெங்கட்ராமன் இசையில், சிறுமிக்கு ஜிக்கியின் குரலாகத் தொடங்கி, அவள் வளர்ந்ததும் பி.ஏ.பெரியநாயகியின் குரலாகத் தொடர்கிறது. ஒரே பாட்டுக்குள் ஒரு பெண்ணின் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிடுகிறது. வாசன் தம் படத்தைத் தியேட்டர்களிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். எம்.வி.ராஜம்மாவின் நடிப்பு, டி.ஆர்.மகாலிங்கத்தின் குரல் என்று வேறு காரணங்களும் சொல்லலாம். கரையோரக் கோயில்களில் அந்தப் படத்தின் வசனம் ஒன்றாவது யாருக்காவது நினைவிருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். பாட்டைக் கேட்டால் நடுவில் நிறுத்துவது கஷ்டம்.

இப்போதைய ஆட்டங்களில் என் குறை பாட்டு குறைந்துவிட்டது என்பதல்ல. கூடிவிட்டது. பபூனும் டான்ஸும் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது எப்போதும் உண்டு, அதில் தப்பும் இல்லை. முன்னிரவுக் கூட்டத்தைப் பிடித்துவைக்க அது வேண்டும். தர்க்கத்துக்குள்ளும் சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்ததுதான் கோளாறு. சினிமாப் பாட்டுக்கு அளவு உண்டு, தாளம் உண்டு, முடிவு உண்டு. எதிராளி எங்கே பிடிப்பார், எங்கே விடுவார் என்ற பயம் அதில் இல்லை. பல்லவி, சரணம் முடிந்ததும் அடுத்தவர் தம் பாட்டைப் பாடுவார். மாறி மாறிப் பெனால்டி அடிப்பது போல இருக்கிறது. நடுவில் ஆட்டமே இல்லை. அதோடு கீபோர்டு வேறு. பொத்தானைத் தட்டினால் சுருதியை எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். ஒரு கட்டைக்காரரும் ஐந்து கட்டைக்காரியும் ஒரு ஸ்வரத்தில் சந்திக்க வேண்டிய நெருக்கடியே போய்விட்டது. ஆளுயர ஸ்பீக்கர் வைத்த பிறகு உச்சஸ்தாயிக்கும் வேலை இல்லை. வாய்க்குள் முனகினாலும் அடுத்த ஊர்வரை கேட்கிறது.

ஆகவே அடுத்த கொடியேற்றத்துக்கு நாடகம் பேசப் போகிற கமிட்டிக்காரர்களுக்கு ஒரு யோசனை. நோட்டீஸில் பெரிய படம் போடுகிற ராஜபார்ட்டின் தேதியை வாங்கிவிட்டு, மிச்சம் இருக்கிற காசில் பக்கவாத்தியம் பார்ப்பதுதான் வழக்கம். இந்த வருஷம் தலைகீழாகச் செய்து பாருங்கள். முதலில் நல்ல ஆர்மோனியக்காரரைப் பிடியுங்கள். பழைய பாடம் தெரிந்தவராக, விருத்தத்துக்குப் பின்னால் போகத் தெரிந்தவராக. அட்வான்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, யாரை வள்ளியாகப் போடலாம், யாரை வேலனாகப் போடலாம் என்று அவரையே கேளுங்கள். எந்த இரண்டு தொண்டை ஒன்றுக்கொன்று சளைக்காது என்று அவருக்குத் தெரியும். ஸ்பீக்கர்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தர்க்கம் தொடங்கியதும் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு அவர் போய் டீ குடிக்கலாம்.